ஊருக்குச் சொன்னோம், பிள்ளைக்குச் சொன்னோமா?

மட்டக்களப்பு வாவிக்கு எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் ஊருக்கே தெரியும். வாசலில் பந்தல், ஒலிபெருக்கியில் பாட்டு, வீடியோக்காரர், அச்சடித்த அழைப்பிதழ். நடுவில் பட்டுடுத்தி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மட்டும் தன் உடம்பில் என்ன நடந்தது என்று பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "இதெல்லாம் பிள்ளையளோட கதைக்கிற விசயமில்ல, எங்கட பண்பாட்டில இல்ல" என்று பெற்றோர் சிலர் சொல்லக் கேட்டால் எனக்கு அந்தப் பந்தல்தான் ஞாபகம் வரும். குடி முழுவதையும் கூட்டிவைத்துச் சேதி சொன்ன சனம் நாங்கள். சேதியைச் சொல்ல வெட்கமில்லை. அதை விளங்கப்படுத்தத்தான் வெட்கம்.

அந்த வெட்கத்துக்குள்தான் பிழையான நம்பிக்கைகள் வளர்கின்றன. முதலாவது, "கெட்ட இரத்தம் வெளியேறுது." கெட்டதுமில்லை, அழுக்குமில்லை. கரு தங்கினால் தேவைப்படும் என்று மாதாமாதம் கருப்பையின் உட்சுவர் தடித்து வளர்கிறது. கரு தங்காத மாதத்தில் அது கழன்று வருகிறது. முதல் ஓரிரு வருடம் நாள் தப்பித் தப்பி வருவதும் இயல்பு. துடக்கு என்று பிள்ளையை ஒதுக்கி வைப்பது அவரவர் வீட்டு வழக்கம். ஆனால் அந்த நாட்களில் குளிக்கக்கூடாது என்பதற்கு உடம்பில் ஒரு காரணமும் கிடையாது. நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும் கொடுத்த அம்மம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை, பிள்ளைக்குச் சத்து வேண்டும் என்று அவர் நினைத்தது சரி. ஆனால் இரத்தம் போகிற நாளில் மச்சம் ஆகாதென்று மீனை விலக்குவது எதற்கு? வாவியை வாசலில் வைத்துக்கொண்டு!

"பெரியபிள்ளையானா கலியாணத்துக்குத் தயார்" என்பது இதைவிடப் பாரதூரமான நம்பிக்கை. சடங்கின் பழைய பொருளே அதுதான் என்பதால் அதை அசைப்பது கடினம். மாதவிடாய் தொடங்கிய பிறகும் சில வருடங்களுக்கு இடுப்பெலும்பு வளர்கிறது. பத்தொன்பது வயதுக்குள் கர்ப்பமாகும் பெண்களுக்கு வலிப்போடு வரும் உயர் இரத்த அழுத்தமும், பிரசவத்துக்குப் பின்னான கிருமித்தொற்றும் வரும் ஆபத்து, இருபதுகளில் இருப்பவர்களைவிட அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போர்க்காலத்தில் ஆள்பிடிப்புக்குப் பயந்து இங்கே எத்தனையோ பேர் மகள்மாரைச் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு தாய் போட்ட கணக்கை இன்றைக்கு இருந்து பழிக்க நான் தயாரில்லை. துவக்குச் சத்தம் ஓய்ந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கணக்கை மாற்றாமல் வைத்திருப்பதைத்தான் கேட்கிறேன்.

சட்டமும் இதில் தெளிவு. 1995 திருத்தத்துக்குப் பிறகு பொதுச் சட்டத்தின் கீழ் விவாகப் பதிவுக்கு 18 வயது வேண்டும். அதே வருடம் தண்டனைச் சட்டக்கோவையில் பெண்பிள்ளையின் சம்மத வயது 12இலிருந்து 16 ஆனது. அதற்குக் கீழே "அவவும் விரும்பித்தானே போனவ" என்பது வழக்கில் நிற்காது. ஆனால் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது எழுதப்படவே இல்லை. அதை எழுதுங்கள் என்று முஸ்லிம் பெண்களே வருடக்கணக்கில் கேட்டு வருகிறார்கள்.

"பள்ளிக்கூடத்தில சொல்லிக்கொடுத்தா பிள்ளையள் கெட்டுப்போகும்." பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: பாலியல் கல்வி, உடலுறவைத் தொடங்கும் வயதை முன்னுக்குக் கொண்டுவருவதில்லை. நம் பாடத்திட்டத்திலும் இது புதிதல்ல. ஆறாம் தரத்திலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும் படிக்கிறார்கள். அதில் இந்தப் பகுதி வரும்போது "வீட்ட போய் வாசிச்சிட்டு வாங்க" என்று பக்கத்தைப் புரட்டும் ஆசிரியரும் உண்டு. ஏழாம் தரத்துக்கென்று சிங்களத்தில் தயாரான 'ஹத்தே அபே பொத' பிக்குகள் சிலரின் எதிர்ப்போடு முடங்கிப்போனது. வெட்கம் தமிழனின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தவர்களுக்கு அது ஒரு ஆறுதல்.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 முதல் ஆறாம் தரப் பெண்பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தரம் போடும் ஊசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. அதைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்பது வெறும் வதந்தி.

"ஆம்பிளைப் பிள்ளைக்கு என்னத்தச் சொல்ல?" இதற்குப் பதில் நீளம். நித்திரையில் விந்து வெளிப்பட்டதைக் கண்டு, தனக்கு வருத்தம் வந்துவிட்டது, உடம்புச் சத்தெல்லாம் போகிறது என்று பயந்து, லேகிய விளம்பரத்தை இரகசியமாக வெட்டி வைக்கும் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு துளி விந்து இத்தனை துளி இரத்தம் என்ற கணக்குக்கு மருத்துவ விஞ்ஞானத்தில் ஆதாரம் இல்லை. நித்திரையில் வெளிப்படுவது வளரும் உடம்பின் வழமை, அவ்வளவுதான். அப்பா கட்டாரில் அல்லது வயல் வாடியில். அம்மாவுக்கு நாக்கு வராது. மிச்சம் இருப்பது போன். அது சொல்லிக்கொடுப்பதில் "வேணாம்" என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. பையன்களும் துன்புறுத்தப்படுகிறார்கள் என்பதைப் பலர் நம்புவதில்லை. நம் சட்டத்தில் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம் ஆண்பிள்ளைக்கும் பொருந்தும்.

துன்புறுத்துகிறவன் எங்கிருந்தோ வரும் அந்நியன் என்பதும் நம்பிக்கைதான். பெரும்பாலும் அவன் பிள்ளைக்குத் தெரிந்தவன், வீட்டுக்குள் வந்து தேத்தண்ணி குடிக்கிறவன். மட்டக்களப்பில் வீடும் வளவும் மகளுக்கு. அந்த வீட்டைக் கட்டத்தான் எத்தனையோ தாய்மார் வளைகுடாவுக்குப் போகிறார்கள். எழும்புகிற சுவருக்குள் மகள் உறவினர் பொறுப்பில் இருக்கிறாள். "மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு" என்று வற்புறுத்திப் பழக்கிய பிள்ளைக்கு, வேண்டாதபோது விலகலாம் என்பது எப்படித் தெரியும்? சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு எந்த நேரமும் காசில்லாமல் அழைக்கலாம் என்பதையாவது சொல்லி வைக்கலாம்.

கடைசியாக ஒன்று: "கிளினிக்குக்குப் போனா பொலிசில பிடிச்சிக் குடுத்திருவாங்க." இதில் பாதி உண்மை. கர்ப்பமான பிள்ளை பதினாறுக்குக் குறைவென்றால் பொலிசுக்கு அறிவிப்பார்கள். ஆனால் அதற்காகச் சிகிச்சையை மறுக்க மாட்டார்கள். இந்தப் பயத்தில் ஆறு, ஏழு மாதம் வரை ஒளித்து வைத்து, இரத்த அழுத்தமும் பார்க்காமல், வலி வந்த பிறகு ஓட்டோவில் ஏற்றுவதுதான் உயிருக்கு ஆபத்து. ஊர் ஊராக வரும் மிட்வைஃபுக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தத் தெரியும். பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியைப் பார்க்க வரும்போது இங்கேயும் ஒருக்கா எட்டிப் பார்க்கச் சொல்லலாம். பந்தலுக்குச் சொல்லுகிற அன்றைக்கே சொல்லிவிட்டால் நல்லது.