வேரில் மிச்சம் இருக்கிறதா?

அன்பு மகளே,

நாட்டு நலப்பணித் திட்டம், தமிழ் மன்றச் செயலாளர் பொறுப்பு, மாலையில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன், வீட்டு வேலை, இத்தனைக்கும் நடுவே படிப்பு. நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்று கேட்டிருக்கிறாய். கூடவே யாரோ கொடுத்த அட்டவணை ஒன்றையும் நகலெடுத்து அனுப்பியிருக்கிறாய்: எட்டு மணி உழைப்பு, எட்டு மணி உறக்கம், எட்டு மணி சொந்த வாழ்க்கை. பார்த்ததும் எரிச்சல் வந்தது. உன்மேல் அல்ல, அட்டவணைமேல். இந்த எட்டு எட்டாகப் பிரிக்கும் கணக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் எழுப்பிய கோரிக்கை. ஆலை முதலாளியைப் பார்த்து, 'இதற்குமேல் ஆளை வேலை வாங்காதே' என்று சொன்னது அது. சிங்காரவேலர் 1923-இல் சென்னையில் மே தினம் கொண்டாடியபோது அதற்குப் பின்னாலும் இந்தக் கோரிக்கைதான் இருந்தது. வேலை வாங்குகிறவனுக்குப் போட்ட வேலியைப் பிடுங்கி, உழைக்கிறவள் தலையில் கடமையாகச் சுமத்திவிட்டு, அதற்கு நேர மேலாண்மை என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். ஆகவே, பங்கு போடும் கேள்வியை முதலில் தள்ளி வை. நேரம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, தெம்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே நீ பார்க்க வேண்டிய கணக்கு.

மணிக்கணக்கே போதும் என்பவர்களுக்கு மணிக்கணக்கிலேயே பதில் சொல்லலாம். 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. பின்னால் வந்த திருத்தத்தோடு, வாரத்துக்கு 48 மணிக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்று அது எல்லை கட்டியது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு அப்படி ஓர் எல்லை உண்டு. அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு உண்டா? வகுப்பு மட்டும் வாரத்துக்கு 30 மணி. தேவர்சோலையிலிருந்து கூடலூருக்குப் போகவர, பஸ்ஸுக்குக் காத்து நிற்க, நாளுக்கு இரண்டு மணி என்று வைத்தால் 10 மணி. சொந்தமாகப் படிக்க நாளுக்கு இரண்டே மணி என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 14 மணி. ஆகமொத்தம் 54. மன்றமும் டியூஷனும் இன்னும் கணக்கில் ஏறவே இல்லை. அதோடு, எல்லா மணியும் ஒரே எடை அல்ல. கலைவிழா ஒத்திகை மாலை ஆறரை வரை நீண்டால், கோயம்புத்தூர்ப் பெண் அடுத்த டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள். உனக்கோ பஸ் உண்டா, இறங்கிய பிறகு தேயிலைக் காட்டு வழியில் யானை நிற்கிறதா, கூட்டிப்போக யார் வருவார் என்று மூன்று கவலை. அட்டவணையில் இரண்டு பேருக்கும் அது ஒரு மணி நேரம்தான்.

தெம்பின் மிச்சத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்ல இனி தேயிலைக்குப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள். தேயிலை வேளாண்மை நூல்களை வேலையற்றுப் புரட்டும் பழக்கம் எனக்கு உண்டு. நாவல்களில் கிடைக்காத விவேகம் அவற்றில் கிடைக்கிறது என்பது என் கட்சி. உபாசி என்கிற தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம் 1926-இல் தொடங்கிய தேயிலை ஆய்வு நிலையம், வால்பாறைப் பக்கம் போவதற்குமுன் பல ஆண்டுகள் உங்கள் தேவர்சோலையில்தான் இருந்தது. இது உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? போகட்டும். செடியை வெட்டிவிடும் கவாத்து உனக்குப் புதிதல்ல, அதை விளக்கப் போவதில்லை. கவாத்துக்கு முன்னால் செய்யும் ஒரு சோதனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பென்சில் பருமனுள்ள வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து, குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை அயோடின் கரைசலில் நனைப்பார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது என்று பொருள்; அந்தச் செடியைத் தாராளமாக வெட்டலாம். நிறம் வெளிறியே இருந்தால் சேமிப்பு இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். வெட்டிய செடிக்கு உணவு சமைக்க இலை ஏது? புதுத் துளிர் வரும்வரை வேரில் உள்ள மிச்சத்தைத் தின்றுதான் அது பிழைக்க வேண்டும். மிச்சம் இல்லாத செடியை வெட்டினால் கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயும். சில செடி செத்தே போகும்.

சோதனையில் சேமிப்பு போதாது என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? உரத்தை அள்ளிக் கொட்டுவதில்லை. சில வாரம் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடியைச் சும்மா விடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் செடி ஒன்றும் கொடுக்காமல் நிற்கிறது. கணக்குப்பிள்ளைக்கு எரிச்சலாக இருக்கும். உள்ளேயோ இலை சமைத்ததெல்லாம் வேருக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. வெட்டும்போதுகூட ஓரிரு கிளையை இலையோடு விட்டுவைக்கும் முறை உண்டு, செடி மூச்சு விடட்டும் என்று. வெட்டிய பிறகு வரும் முதல் துளிரையும் உடனே பறிப்பதில்லை; குறிப்பிட்ட உயரம் வளரவிட்டே கை வைப்பார்கள். இந்த மூன்றையும் உன் நிலைமையோடு பொருத்திப் பார். ஒரு பொறுப்பை விடுவதென்றால் தெம்பு இருக்கும்போதே விட வேண்டும், படுத்த பிறகு அல்ல. எல்லாவற்றையும் ஒரே நாளில் உதறவும் கூடாது. மனத்துக்கு மூச்சு கொடுக்கும் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். விட்டதால் கிடைத்த மாலை நேரத்தில் அடுத்த வாரமே வேறொன்றை நட்டுவைப்பது, முதல் துளிரைக் கிள்ளுகிற அவசரம்.

உன் வேரைச் சோதிக்கும் அயோடின் எது என்று கேட்பாய். உன் வயதினருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தொடர்ந்து இரண்டு வாரம் அது ஆறுக்குக் கீழே போனால் நிறம் வெளிறிவிட்டது என்று வைத்துக்கொள். படித்த பக்கத்தையே மூன்று முறை படிப்பது, கூட்டம் ரத்து என்று செய்தி வந்தால் மனசு துள்ளுவது, அம்மா பேசும்போது போனைப் பார்ப்பது, இவையும் அதே சோதனையின் முடிவுகளே. இந்த நிலைக்கு வருமுன்பே எதை வெட்டுவது என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் சொல்கிறேன்: எல்லையும் முடிவும் உள்ள பொறுப்பை வைத்துக்கொள், இரண்டும் இல்லாததை விடு. 1969 செப்டம்பர் 24-இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். அது உன்னிடம் கேட்பது ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டில் 240 மணி, ஓர் ஏழு நாள் முகாம். வாரக் கணக்கில் இரண்டரை மணிகூட வராது. அது உன்னைச் சாய்த்துவிடாது. செயலாளர் பதவி அப்படியல்ல. போஸ்டர் ஒட்டுவதிலிருந்து சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை வாங்குவது வரை அதற்குக் கரையே கிடையாது. இரவு பதினொன்றுக்கும் வாட்ஸ்அப் கூப்பிடும். மாணவர் தேர்தல் பற்றி லிங்டோ குழு தந்து, 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற பரிந்துரைகளைப் பார்: நிர்வாகப் பொறுப்புக்கு ஒருவர் ஒரே முறைதான் நிற்கலாம், அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, 75 விழுக்காடு வருகை வேண்டும். தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் தேர்தலே நடப்பதில்லை என்பது வேறு கதை. பதவிக்கு ஒரு முடிவு வேண்டும் என்ற நியாயம் மன்றச் செயலாளருக்கும் பொருந்தும். இந்த செமஸ்டர் முடிவில் ஒப்படைக்கிறேன் என்று இப்போதே எழுதிக் கொடு, அடுத்தவளைப் பழக்கு.

'அமைப்புகளில் இருந்தால்தானே ஆளுமை வளரும், இப்படி எல்லை போட்டால் சமூகத்தை மாற்றுவது யார்?' என்று உன் தோழர்கள் கேட்பார்கள். ஐந்து அமைப்புகளில் பெயர் இருப்பது சான்றிதழை வளர்க்கும், ஆளை வளர்க்காது. ஒன்றில் நிலைத்து நின்று, ஒரு சண்டையைத் தீர்த்து, ஒரு கணக்கை ஒப்பித்து, ஒரு தோல்விக்குப் பதில் சொன்னவளுக்கே ஆளுமை வளரும். இன்னொருவர் ராமானுஜனை இழுப்பார்: 'கணிதம் ஒன்றையே பிடித்துக்கொண்டு மற்றதை விட்டவர்தானே மேதை ஆனார்?' ஆனார், ஆனால் கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா ஆனார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்த பிறகே கவலையின்றி உட்கார முடிந்தது. எல்லாவற்றையும் விடுவதற்கு அவர் கதை சான்று ஆகாது. வயிற்றுக் கவலையிலிருந்து வாங்கிய ஓய்வு என்ன செய்யும் என்பதற்கே அது சான்று.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. 'வசதி உள்ளவர் தெம்பைச் சேமிக்கலாம். டியூஷன் காசு நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு தடுமாறும்.' இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். வேலை செய்வதே படிப்பைக் கெடுக்கும் என்பதும் உண்மையல்ல. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 1855-இல் தொடங்கிய பெரியா கல்லூரியில் ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். கல்விக் கட்டணம் கிடையாது. அங்கே கல்லூரி அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்து வகுப்பை அமைக்கிறது. இங்கே உன் டியூஷன் யார் கண்ணுக்கும் படுவதில்லை. அதனால் நீயே அதற்குக் கணக்கு வை. பத்து மணி நேரத்தை வரம்பாகக் கொள். புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெரிய தொகை அல்ல. ஆனால் அந்தத் தொகைக்கு ஈடான டியூஷன் மாலைகளைப் பரீட்சை மாதத்தில் விட முடியும். பணம் வரும்போது செலவைக் கூட்டாமல் வேலையைக் குறைப்பதற்கு வீட்டில் பேசிப் பார்.

வீடு என்றதும் கடைசியாக ஒன்று. 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. சொந்த வாழ்க்கை என்ற கட்டத்துக்குள் அட்டவணைக்காரர் ஒளித்து வைத்தது இதைத்தான். பாத்திரம் துலக்குவது உன் ஓய்வு அல்ல, அதுவும் உழைப்பே. வீட்டில் அண்ணனோ தம்பியோ இருந்தால், மன்றத்தை விடுவதற்குமுன் அவனுக்கு அரிசி களையவும் தண்ணீர் பிடிக்கவும் கற்றுக்கொடு. குறைக்க முடியாதது என்று நீயாக நினைத்துக்கொண்டிருக்கும் வேலையில்தான் குறைக்க நிறைய இருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. நலப்பணித் திட்டத்தில் இரு. டியூஷனை வாரத்துக்குப் பத்து மணிக்குள் நிறுத்து. செயலாளர் பொறுப்பை செமஸ்டர் முடிவில் ஒப்படை. தமிழ் மன்றத்தில் வெறும் உறுப்பினராக உட்கார்ந்து கவிதை கேள், அது உனக்கு மூச்சு. ஒப்படைக்கும் தேதியை இந்த வாரமே மன்றப் பொறுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு, அந்தத் தேதியை எனக்கும் எழுது. புதிதாக எதில் சேர்ந்தாய் என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்