லைப்சிக்கில் சோர்ந்துபோன நெய்வேலிக்காரருக்கு

முதல் செமஸ்டரின் தொடக்கம் ஜோராகப் போகும். டிராம், கிறிஸ்துமஸ் மார்க்கெட், பாக் இசை அமைத்த தாமஸ் தேவாலயம் என்று ஸ்டேட்டஸ் போட்டே நாள் ஓடிவிடும். டிசம்பரில் சாயங்காலம் 4 மணிக்கே இருட்டு. ஜனவரியில் லெக்சருக்குப் போகப் பிடிக்காது. பிப்ரவரி எக்ஸாமை ‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று தள்ளுவீர்கள். பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்தில் மூன்று முறை ஃபெயில் ஆனால் அந்தக் கோர்ஸே முடிந்தது.

மோட்டிவேஷன் வீடியோவை மூடுங்கள். ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்கள்தான் முதலிடம். எல்லார் சி.வி.யிலும் அதே பைதான், அதே இன்டர்ன்ஷிப். நெய்வேலிச் சுரங்க டவுன்ஷிப்பில் வளர்ந்த உங்களிடம் அவர்களிடம் இல்லாத சரக்கு ஒன்று இருக்கிறது. லைப்சிக்கில் அதற்கு நல்ல விலை உண்டு.

1. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கோஸ்புடன் ஏரிக்குப் போங்கள். மணல் கரை, பாய்மரப் படகு, ஐஸ்கிரீம் கடை. 1990-களின் தொடக்கம் வரை அது திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். 2000-ல் ஏரியாகத் திறந்தார்கள். அடுத்த வாரம் ஷ்டோர்ம்தால் ஏரிப் பக்கம் உள்ள சுரங்கப் பூங்கா. ஒரு பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரும் ஸ்ப்ரெடரும் அங்கே ஓய்வெடுக்கின்றன. கூட வந்தவர் செல்ஃபி எடுப்பார். நீங்கள் பள்ளிக்கூட நாளிலிருந்தே பார்த்த மெஷின் அது. கேள்வி கேளுங்கள்: நிலக்கரிக்கு மேலே கிடந்த ஓவர்பர்டன் மண் எங்கே போனது? குழியை நிரப்பத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? செலவு யார் தலையில்? வேலையிழந்தவர்கள் என்ன ஆனார்கள்?

2. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிச் சம்பளம் வாங்குகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் 1991-ல் லைப்சிக்கில் தொடங்கியதற்கே இந்தப் பகுதி சுரங்கங்களும் ஆலைகளும் விட்டுப்போன மாசு ஒரு முக்கியக் காரணம். பழைய சுரங்கங்களைச் சீரமைப்பது எல்.எம்.பி.வி. என்ற மத்திய அரசு நிறுவனம். ஐரோப்பிய மின்சார வர்த்தகச் சந்தையான ஈ.ஈ.எக்ஸ். தலைமையகமும் இதே ஊரில்தான். சிவில் படித்தாலும் டேட்டா சயின்ஸ் படித்தாலும் எம்.பி.ஏ. படித்தாலும் மூன்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தும். எது என்று இந்த மாதமே முடிவு செய்யுங்கள். போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்துவிட்டால் காலை 7:30 லெக்சருக்கும் கால் நகரும்.

3. ‘சென்னைக்குப் பக்கத்துல’ என்று சொல்வதை விடுங்கள். ஒரு நிமிட அறிமுகம் தயார் செய்யுங்கள். நெய்வேலிச் சுரங்கம் 1961-ல் பழுப்பு நிலக்கரிப் படிவத்தை எட்டியது. படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்றுநீர். பம்ப் நின்றால் சுரங்கம் மூழ்கும். அதனால் இரவு பகலாக நீரை இறைக்கிறார்கள். முதல் அனல் மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அதே 2020-ல்தான் ஜெர்மனி, 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்தச் சட்டம் போட்டது. இதை இன்டர்வியூவில் சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் நோட்டை எடுப்பார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் வருத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். டவுன்ஷிப் பிள்ளைகள் அதை விட்டுவிடுவது வழக்கம். விட்டால் விளம்பரம் மாதிரி இருக்கும்.

4. பார்ட் டைம். மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம். ஏர்போர்ட் கார்கோவில் நைட் ஷிஃப்ட் சுலபமாகக் கிடைக்கும். மறுநாள் வகுப்பு போய்விடும். அப்பா சுரங்கத்தில் பார்த்த நைட் ஷிஃப்டுக்கு இன்கிரிமென்ட், குவார்ட்டர்ஸ், மெடிக்கல் எல்லாம் இருந்தன. உங்களுடையதற்கு எதுவும் கிடையாது. டிபார்ட்மென்டில் ‘ஹிவி’ (மாணவர் உதவியாளர்) வேலை கேளுங்கள். காசு குறைவாக இருந்தாலும் புரொஃபஸர் உங்கள் பேரைத் தெரிந்துகொள்வார்.

5. ஜெர்மன் மொழியில் பி1 லெவல். தமிழ் ரூம்மேட்டுகளோடு சாம்பார் வைத்துக்கொண்டிருந்தால் வராது. வாரத்தில் இரண்டு மாலையாவது வேறு கூட்டத்தில் இருங்கள்.

கோடை செமஸ்டர் வகுப்பு ஏப்ரலில் தொடங்கும். மார்ச்சிலேயே தீசிஸ் தலைப்போடு மெயில் போய்விட வேண்டும். ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம். ‘ஃப்ராவ் புரொஃபஸர்’, ‘ஹெர் புரொஃபஸர்’ என்று பெயரோடு எழுதுங்கள். ஐந்து வரி, ஒரு பக்க சி.வி. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஆபீஸ் ஹவரில் நேரே போய்க் கதவைத் தட்டுங்கள். ஐந்து நிமிடம் முன்னாடியே.