கணினி உறுப்புகளின் பொருத்தம்

மேசைக் கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்துவோர் இன்று பலர். விலை உயர்ந்தவை யாவும் ஒன்றோடொன்று பொருந்தும் என எண்ணுதல் தவறு. பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய பணம் வீணாகாதிருக்க, வாங்குமுன் பின்வருவனவற்றை ஆராய்க.

1. செயலி: முதலில் செயலியையும், பின்னர் அதற்குரிய தாய்ப்பலகையையும் தேர்க. 2022இல் வெளிவந்த ஏ.எம்.5 பொருத்துவாயில் 1718 தொடுமுனைகள் உள்ளன. 2021இல் வெளிவந்த எல்.ஜி.ஏ. 1700இல் 1700 உள்ளன. ஒன்றற்குரிய செயலி மற்றொன்றில் அமராது.

2. நினைவகம்: டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகிய இரண்டிற்கும் 288 முனைகளே. எனினும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாது. ஏ.எம்.5 பலகை டி.டி.ஆர்.5ஐ மட்டுமே ஏற்கும்.

3. மின்வழங்கி: ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் வரைகலை அட்டை மட்டுமே 450 வாட் மின்திறன் கொள்ளும். செயலி முதலியவற்றின் தேவையையும் கூட்டி, 850 வாட் மின்வழங்கி வேண்டும் என அதனை உருவாக்கிய நிறுவனம் அறிவித்துள்ளது.

4. பெட்டி: அட்டையின் நீளமும் குளிர்விப்பானின் உயரமும் பெட்டியினுள் அடங்குமா என அளந்தறிக.

இந்நான்கையும் தாளில் எழுதி ஒப்பிட்ட பின்னரே பணம் செலுத்துக. உறுப்புகள் சிறந்தனவாயினும் இணக்கம் இன்றேல் இயக்கம் இல்லை. இது கணினிக்கு மட்டுமன்று, வகுப்பறைக்கும் குடும்பத்திற்கும் பொருந்தும்.