ஈர விறகும் புகையும்: இனப் பேச்சுக்கு வேர் எங்கே?

"தமிழன்னா குடிப்பான். மலாய்க்காரன் சோம்பேறி. சீனனுக்குக் காசுதான் சாமி." அம்பாங்கானில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழும். சொல்பவர் பொல்லாதவர் இல்லை. மலாய்க்கார நண்பரோடு ஒரே மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்வார். கேட்பவரும் தலையாட்டுவார். இந்த மாத வகுப்பில் நாம் பார்க்கப் போவது இந்தப் பேச்சைத்தான். இது எங்கிருந்து வந்தது? யார் யாருக்கு இதனால் வாசல் மூடியது?

முதலில் ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொள்வோம். நம்முடைய தருக்க நூல்களில் உள்ளதுதான். அன்னம்பட்டர் எழுதிய தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழில் தந்திருக்கிறார். அதில் 'உபாதி' என்று ஒரு பாடம் வரும். புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும், இது சரி. நெருப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் புகை இருக்கும் என்று திருப்பிச் சொல்லலாமா? கூடாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை ஏது? அடுப்பில் புகை வருவது விறகு ஈரமாக இருப்பதால். அந்த ஈர விறகுதான் உபாதி. அதைப் பார்க்காமல் "புகைவது நெருப்பின் குணம்" என்று சொல்பவன் தப்பாக அனுமானம் செய்கிறான்.

இதை மனசில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போவோம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் செடிகொடிகளுக்குப் பெயர் வைத்து வரிசைப்படுத்திய பெரிய அறிஞர். 1735-ல் வந்த தம் நூலில் மனிதரையும் நான்கு வகையாகப் பிரித்தார். 1758 பதிப்பில் ஒவ்வொரு வகைக்கும் குணமும் எழுதினார். ஐரோப்பியன் சட்டத்தால் ஆளப்படுகிறவன், ஆசியன் அபிப்பிராயத்தால், ஆப்பிரிக்கன் மனம்போன போக்கால்! செடிக்கு இலை எத்தனை என்று எண்ணுகிற மாதிரியே மனிதனுக்குக் குணத்தையும் எண்ணி எழுதிவிட்டார். 1775-ல் ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட் மனித இனங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1795-ல் புளூமன்பாக் ஐந்து இனங்கள் என்றார். அந்த ஐந்தில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் 'மலாய்'. நாம் இன்று பாரத்தில் நிரப்புகிற 'இனம்' என்ற கட்டத்துக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு. ஆனால் புளூமன்பாக்குக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும்: மனிதர் எல்லாரும் ஒரே சாதி உயிர், கறுப்பர் அறிவில் குறைந்தவர் இல்லை என்று அவரே வாதாடினார். பின்னால் வந்தவர்கள் அவருடைய பட்டியலை எடுத்துக்கொண்டு வாதத்தை விட்டுவிட்டார்கள்.

இனி நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவர், ஜான் ஸ்டூவர்ட் மில். 1859-ல் சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய நூலைப் பல்கலைக்கழகத்தில் இன்றும் படிக்கிறார்கள். படிக்கத் தகுந்த நூல்தான். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு விலக்கு வைக்கிறார். இந்தச் சுதந்திரம் பிள்ளைகளுக்கு இல்லை. இன்னும் பிள்ளைப் பருவத்தைத் தாண்டாத சமூகங்களுக்கும் இல்லை. அவர்களை முன்னேற்றுவதுதான் நோக்கம் என்றால் எதேச்சாதிகாரமும் பொருந்தும் என்கிறார். இவர் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீசில் உத்தியோகம் பார்த்தவர். இவருடைய தகப்பனார் ஜேம்ஸ் மில் இந்தியாவில் ஒருநாளும் கால் வைக்காமல் இந்திய வரலாறு எழுதியவர். வளர விடாமல் பிடித்து வைத்திருப்பவனே "இவன் இன்னும் வளரல" என்று சான்றிதழ் கொடுக்கிறான்.

வெள்ளைக்காரனைத் திட்டுவதோடு வகுப்பை முடித்துக்கொண்டால் சுகமாக இருக்கும். ஆனால் நம் வீட்டையும் பார்க்க வேண்டுமே. எல்லா உயிரிலும் இருப்பது ஒரே ஆன்மா என்கிற வேதாந்தத்துக்குள்ளேயே ஒரு விலக்கு இருக்கிறது. பிரம்ம சூத்திரத்தின் முதல் அத்தியாயம், மூன்றாம் பாதத்தில் 'அபசூத்ராதிகரணம்' என்ற பகுதி வரும். சூத்திரனுக்கு வேதம் ஓத உரிமை இல்லை என்பது அங்கே முடிவு. சங்கரரும் அதை ஏற்றே உரை எழுதுகிறார். சொல்லும் காரணங்களில் ஒன்று: அவனுக்கு உபநயனம் ஆகவில்லை. சரி, ஏன் ஆகவில்லை? செய்து வைக்க மாட்டோம் என்றீர்களே! இதுவும் ஈர விறகுதான். விறகை நனைத்தவனே புகையைக் காட்டிக் குற்றம் சொல்கிறான். 1888-ல் நாராயண குரு அருவிப்புறத்தில் தம் கையாலேயே சிவனைப் பிரதிஷ்டை செய்தபோது உடைந்தது இந்த அனுமானம்தான். நம் பாட்டன் பூட்டன் கப்பல் ஏறும்போது சாதியைக் கடலில் போட்டுவிட்டு வரவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். கங்காணி தன் ஊர், தன் சாதி பார்த்து ஆள் சேர்த்தார். சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்கள் இருந்தன.

இப்போது தோட்டத்துக்கே வருவோம். நீரிணைக் குடியேற்றங்களின் 1891 மக்கள் கணக்கெடுப்பு ஆட்களைப் பெரிய தலைப்புகளில் அடுக்கியது. நமக்குக் கிடைத்த தலைப்பு 'தமிழரும் இந்தியாவின் மற்ற சுதேசிகளும்'. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு குணம் ஒட்டிக்கொண்டது. தமிழன் சாது, சொன்னதைக் கேட்பான், தானாக எதுவும் செய்யத் தெரியாது. மலாய்க்காரன் சோம்பேறி. சீனன் உழைப்பாளி, ஆனால் அடங்க மாட்டான். துரைமார் எழுத்தில் இது திரும்பத் திரும்ப வரும்.

சாது என்ற பட்டத்தின் ஈர விறகு என்ன? சஞ்சிக்கூலியாக வந்தவன் ஒப்பந்தத்தை மீறினால் சிறை. 1910-ல் சஞ்சி முறை ஒழிந்த பிறகும் கங்காணியின் கடன், கங்காணியின் தலைக்காசு. வீடு தோட்டத்து வீடு, வேலை போனால் கூரையும் போகும். பக்கத்துத் தோட்டத்து உறவுக்காரர் வந்து பார்க்கவே அனுமதி வேண்டும். இப்படிக் கட்டிப் போட்ட மனுசன் வாயைத் திறக்கவில்லை என்பதைப் பார்த்து "இது இவன் பிறவிக் குணம்" என்று எழுதினார்கள்.

கட்டு கொஞ்சம் தளர்ந்ததும் என்ன ஆனது? 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னிற்க வேலை நிறுத்தம் எழுந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது, சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒரு கோரிக்கையை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்ற உரிமை. கிராணிமாரில் பலர் நம் நிறத்துக்காரர், நம் மொழிக்காரர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பட்டாளம் வந்தது, ஐந்து பேர் உயிர் போனது, நாதனை நாடு கடத்தினார்கள். "சாது" என்ற பிறவிக் குணம் அந்த மாதங்களில் எங்கே போயிருந்தது?

அதே பட்டியலில் இன்னொன்று: கள்ளுக்கடைகளை மூடு. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையை வைத்தது யார்? தோட்ட நிர்வாகம். உரிமம் தந்தது அரசாங்கம். மூடச் சொன்னது தொழிலாளி. கடைசியில் "தமிழன்னா குடிகாரன்" என்ற பேர் மட்டும் தொழிலாளிக்கு.

மலாய்க்காரர் சோம்பேறி என்ற கதையும் இதே அச்சில் வார்த்ததுதான். அதை நம் ஆட்களும் சொல்வதால் இங்கே கொஞ்சம் நிற்போம். மலாய்க்காரருக்குச் சொந்த நெல் வயலும் பழத்தோட்டமும் இருந்தன. குறைந்த கூலிக்குத் துரையிடம் போய் நிற்க அவசியம் இல்லை. ரப்பருக்கு விலை ஏறியபோது அவர்களும் தங்கள் நிலத்தில் கன்று நட்டார்கள். 1917-ல் அரசாங்கம் நெல் நிலச் சட்டம் கொண்டுவந்து நெல் நிலத்தில் வேறு பயிர் வைக்கத் தடை போட்டது. பணப்பயிரிலிருந்து தள்ளி வைத்துவிட்டு முன்னேறும் ஆசை இல்லாதவன் என்றார்கள். சையிட் ஹுசேன் அலாத்தாஸ் 1977-ல் எழுதிய 'சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை' நூல் இதைப் பிட்டுப் பிட்டு வைக்கிறது. நம் இளைஞர் எல்லாரும் படிக்க வேண்டிய புத்தகம். தமிழனைப் பற்றிய பொய்யும் அதற்குள் அகப்படும்.

குணப் பட்டம் காகிதத்தில் ஏறும்போதுதான் அரசியல் விலக்கு ஆகிறது. இலங்கையில் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போனது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேயிலை மூட்டையைப் பிரிக்கிற மாதிரி. "இவர்கள் மனசு இந்தியாவில் இருக்கிறது" என்பது சொல்லப்பட்ட காரணம்.

இங்கேயும் அதன் சாயல் உண்டு. 1957-ல் மெர்டேக்கா வந்ததும் ஓராண்டு வரை மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. தோட்டத்தில் பலர் அதைத் தவறவிட்டார்கள். "அக்கறை இல்லாத சனங்க" என்று நம் படித்தவர்களே சொன்னதுண்டு. பிறந்த சூரத்து இல்லாதவர், ஒருநாள் கூலியை விட்டு ஸ்ரம்பானுக்குப் போய் நிற்க முடியாதவர், பாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவர் எத்தனை பேர்! 1968-ல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது சிவப்பு ஐசி வைத்திருந்த பல்லாயிரம் பேர், வாழ்நாள் முழுக்கப் பால்மரம் வெட்டியவர்கள், கப்பல் ஏறினார்கள். அவர்களிடம் குறைந்தது அக்கறையா, காகிதமா?

அன்று நாம் இருந்த இடத்தில் இன்று வங்காளதேசத்து ஆள் இருக்கிறான். தோட்டத்தில், தொழிற்சாலையில், பெட்ரோல் நிலையத்தில். "வங்களாவா? நம்பவே கூடாது. ஒரே ரூமில் பத்துப் பேர் படுப்பானுங்க." இதை நம் இளைஞர் வாயில் கேட்கும்போது எனக்கு 1891 கணக்கெடுப்புத் தாள்தான் ஞாபகம் வருகிறது. பத்துப் பேர் படுப்பது அவன் குணமா, முதலாளி கொடுத்த அறையின் அளவா? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது, ஏஜெண்டுக்கு எவ்வளவு கடன் என்று யாராவது கேட்டதுண்டா? நம் கங்காணிக் கடன் கதை தெரிந்தவனுக்கு இந்தக் கேள்வி தானாக வர வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு இரண்டு வேலை. வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் அவர்களுடைய ஐசி எப்போது நீலம் ஆனது, யார் கூட்டிக்கொண்டு போனார்கள், எத்தனை தடவை நடந்தார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். இன்னும் சிவப்பாகவே இருந்தால் அதையும் எழுதுங்கள். வகுப்பு முடிந்ததும் தனியாகச் சொல்லுங்கள், விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று சேர்ந்து பார்க்கலாம். இரண்டாவது, இந்த மாதம் யாரைப் பற்றியாவது "அவனுங்க அப்படித்தான்" என்று நீங்கள் சொன்னதையோ கேட்டதையோ ஒரு தாளில் எழுதி, அதற்கு எதிரே ஈர விறகு எது என்று ஒரு வரி எழுதுங்கள். பேர் போட வேண்டாம்.