ஒரு டன் குளிர் என்ன விலை?

கத்திரி வெயில் தொடங்கியதும் தி.நகர் கடைகளில் ஏ.சி. வாங்குவோர் கூட்டம் பெருகும். விற்பவர் முதலில் கேட்பது, "எத்தனை டன் வேண்டும்?" என்பதுதான். சிறிய அறைக்கு ஒரு டன். சற்றுப் பெரிய அறைக்கு ஒன்றரை டன். இரும்பையும் நெல்லையும் டன் கணக்கில் நிறுக்கலாம். குளிரை எப்படி நிறுப்பது? இரண்டு பேர் தூக்கிவிடும் பெட்டிக்கு ஒரு டன் என்ற பெயர் எப்படி வந்தது?

விடையைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து மெரினா சாலை வழியே வடக்கே நடந்தால், வளைந்த முகப்புள்ள ஒரு பழைய கட்டடத்தைக் காணலாம். இன்று அது விவேகானந்தர் இல்லம். பழைய பெயர் 'ஐஸ் ஹவுஸ்'. 1842ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி அதைக் கட்டியது. பாஸ்டன் நகரை அடுத்த ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து அங்கே சேமித்தார்கள். அக்காலத்தில் குளிர் வேண்டுமென்றால் பனிக்கட்டிதான் வாங்க வேண்டும். பிறகு ஐஸ் செய்யும் எந்திரங்கள் வந்தன. கப்பல் வாணிபம் நின்றது. ஆனால், குளிரைப் பனிக்கட்டியால் அளக்கும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் அறையிலிருந்து அகற்றவல்லது ஒரு டன் ஏ.சி. இங்கே டன் என்பது அமெரிக்க டன். ஏறத்தாழ 907 கிலோகிராம். ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் தேவை என்று இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். 907ஐ 334ஆல் பெருக்கி, ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 3.5 கிலோவாட் என்று வரும். அதாவது, ஒரு டன் ஏ.சி. ஒவ்வொரு வினாடியும் 3.5 கிலோஜூல் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுகிறது.

இதற்கு அது எடுத்துக்கொள்ளும் மின்சாரமோ ஏறத்தாழ 1 கிலோவாட்தான். ஒன்றைக் கொடுத்து மூன்றரையைப் பெறுவதா? ஆற்றல் அழியாமை விதி என்ன ஆயிற்று? விதிக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஏ.சி. குளிரை 'உண்டாக்கவில்லை', உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே கொட்டுகிறது. எடுத்த வெப்பம் 3.5, செலவான மின்சாரம் 1, ஆக 4.5 கிலோவாட் வெப்பம் தெருவுக்குப் போகிறது. வெளிப்பெட்டியின் முன் நின்றால் அனல் அடிப்பது இதனால்தான்.

ஏ.சி. ஒரு நீரேற்றும் மோட்டார்

உங்கள் குடியிருப்பில் தரைக்கடியில் ஒரு தொட்டியும் மொட்டைமாடியில் ஒரு தொட்டியும் இருக்கும். மோட்டார் கீழிருந்து மேலே தண்ணீரை ஏற்றுகிறது. மேல்தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் செலவாகும். ஏற்றிய நீர் ஒழுகி மீண்டும் கீழே வந்தால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதும் கணக்கில் சேரும்.

ஏ.சி.யும் அப்படித்தான். உயரத்துக்குப் பதில் இங்கே உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு. ஒழுகும் நீருக்குப் பதில் சுவர், கூரை, சன்னல் வழியே திரும்பி வரும் வெப்பம். ஆகவே, சிக்கனத்துக்கு வழிகள் மூன்று: உயரத்தைக் குறைப்பது, ஒழுக்கை அடைப்பது, ஓடும் நேரத்தைக் குறைப்பது.

முதல் வழி: உயரத்தைக் குறைப்போம்

வெப்பநிலையை ஒவ்வொரு பாகை உயர்த்தி வைக்கும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம். 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திரக் குறியீடு பெறும் ஏ.சி.க்கள் 24 பாகையில் ஓடத் தொடங்குமாறே அமைக்கப்பட வேண்டும் என்ற விதியும் வந்தது. வேண்டுமானால் நாம் அதை மாற்றிக்கொள்ளலாம்.

18இல் வைத்தால் அறை வேகமாகக் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண வகை ஏ.சி.யில் வெப்பத்தை இறைக்கும் வேகம் ஒன்றுதான். 26இல் வைத்தாலும் 18இல் வைத்தாலும் அறை 26ஐ அடைய ஒரே நேரம்தான் ஆகும். 18இல் வைத்தால் அது அங்கே நிற்காது, அவ்வளவுதான் வேறுபாடு.

26 பாகையில் புழுங்காதா? மின்விசிறியைச் சுழலவிடுங்கள். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் உடலைக் குளிர்விக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். மணிக்கு 150 கிராம் வியர்வை ஆவியானால் அந்த வெப்பம் முழுவதும் நீங்கிவிடும். ஆனால், கடலோரமான சென்னைக் காற்றில் ஈரம் மிகுதி; வியர்வை உலராமல் தோலிலேயே நிற்கிறது. விசிறி ஈரக் காற்றை விலக்கிப் புதுக் காற்றைக் கொண்டுவருகிறது. ஏ.சி.யோ காற்றின் ஈரத்தையே பிரித்து நீராகச் சொட்டவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் 26 பாகையே இதமாக இருக்கும். சாதாரண விசிறிக்கு 75 வாட் போதும்.

இரண்டாம் வழி: ஒழுக்கை அடைப்போம்

வெப்பம் உள்ளே நுழையும் பெரிய வாசல் வெயில் படும் சன்னல். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைக் கொண்டுவருகிறது. மேற்குச் சன்னலில் மாலை வெயில் அதில் பாதியாக விழுந்தாலும், ஒன்றரைச் சதுர மீட்டர் கண்ணாடி வழியே 750 வாட் வரை நுழையலாம். ஒரு டன் ஏ.சி.யின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்! உட்புறத் திரையைவிட வெளிப்புறத் தட்டி மேலானது. திரை தடுக்கும் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டதல்லவா?

அடுத்தது கூரை. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் ஓட்டுக் கூரையும் நடுவே திறந்த முற்றமும் இருந்தன. சூடான காற்று மேலெழுந்து வெளியேறிவிடும். இன்றைய கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, அதை இரவில் அறைக்குள் விடுகிறது. மேல்மாடி வீட்டில் இரவு 9 மணிக்கும் கூரை சுடுவது இதனால்தான். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். கதவிடுக்கை அடைப்பதும், வடிகட்டியில் படிந்த தூசியைக் கழுவுவதும் காசில்லாமல் செய்யக்கூடியவை.

மூன்றாம் வழி: நேரத்தைக் குறைப்போம்

சென்னைக்கு இயற்கை தந்த ஏ.சி. ஒன்று உண்டு: கடற்காற்று. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மயிலாப்பூரும் அடையாறின் கிழக்குப் பகுதியும் அதை முதலில் பெறும். நாலைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தி.நகருக்குச் சற்றுப் பிந்தி வரும். மேலைக் காற்று வலுத்து இதைத் தடுத்துவிட்டால் அன்று நகரம் கொதிக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 பாகை பதிவாயிற்று.

எனவே மேலைக் காற்று வீசும்போது சன்னலை மூடுங்கள். கடற்காற்று வந்ததும் திறந்துவிடுங்கள். வெட்டிவேர்த் தட்டிக்கும் இதே விதிதான். வறண்ட மேலைக் காற்றில் அது நன்கு குளிர்விக்கும். ஈரமான கடற்காற்றில் அதற்கு வேலையில்லை. இரவில் ஏ.சி. தேவையென்றால், விடியுமுன் தானே நின்றுவிடுமாறு நேரம் குறித்து வைக்கலாம்.

501ஆவது யூனிட்டின் விலை

இனிப் பணக் கணக்குக்கு வருவோம். 2022 செப்டம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம்; அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அடுத்த 200க்கு 4.50, அடுத்த 100க்கு 6.

500ஐத் தாண்டினால்: முதல் 100 இலவசம், அடுத்த 300க்கு 4.50, அடுத்த 100க்கு 6, அடுத்த 100க்கு 8, அடுத்த 200க்கு 9, அதன்மேல் இன்னும் கூடும்.

500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு? 1,350, 600, 8 ஆகியவற்றைக் கூட்டினால் 1,958 ரூபாய். ஆக, அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

ஒரு வீட்டைக் கற்பனை செய்வோம். ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். ஒரு டன் ஏ.சி. 22 பாகையில் தினமும் 6 மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு 1 யூனிட் என்று வைத்தால் 60 நாளில் 360. மொத்தம் 660 யூனிட். கட்டணம் 3,290 ரூபாய்.

22ஐ 26 ஆக்கினால் ஏறத்தாழ 24 விழுக்காடு மிஞ்சும். 360 என்பது 274 ஆகும். 6 மணி நேரத்தை நாலரை மணியாக்கினால் 205 ஆகும். மொத்தம் 505, கட்டணம் 1,990 ரூபாய். இன்னும் ஒரே ஒரு வேலை. ஆளில்லாத அறையில் தினம் 2 மணி நேரம் வீணாகச் சுழலும் ஒரு விசிறியை நிறுத்தினால் 60 நாளில் 9 யூனிட் மிஞ்சும். மொத்தம் 496, கட்டணம் 1,701 ரூபாய். அந்த விசிறி மட்டுமே 289 ரூபாய் மிச்சப்படுத்தியதைக் கவனித்தீர்களா? 2022க்குப் பிறகு கட்டண விகிதங்கள் திருத்தப்பட்டுள்ளன. இப்போதைய அட்டவணையைக் கொண்டு உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.

எங்கே சிக்கனம் கூடாது?

வியர்வை உலராவிட்டால் உடலின் உட்சூடு ஏறும். முதியோர், கைக்குழந்தைகள், இதய நோயாளிகள் ஆகியோருக்கு இது உயிருக்கே ஆபத்து. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பாட்டிக்குத் தலைசுற்றுகிறது, பேச்சுக் குழறுகிறது, உடம்பு அனலாய்க் கொதிக்கிறது என்றால் மின்கட்டணத்தைப் பார்க்காதீர்கள். ஏ.சி.யைப் போட்டு, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, உடனே மருத்துவ உதவி பெறுங்கள். மற்ற நேரங்களில் மிச்சம் பிடிப்பதே இத்தகைய நாளில் தயங்காமல் செலவழிப்பதற்காகத்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஏ.சி. ஓடத் தொடங்கும்போதும் ஒரு மணி நேரம் கழித்தும் மின்மானியின் எண்களைக் குறியுங்கள். ஒரு நாள் 22இலும் மறுநாள் அதே நேரத்தில் 26இலும் வைத்து ஒப்பிடுங்கள். மற்றக் கருவிகள் இரு நாளும் ஒரேமாதிரி ஓட வேண்டும்.

2. ஒரே அளவான இரண்டு ஓடுகளில் ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். இரண்டையும் நண்பகலில் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் வைத்து, 100 பாகை வரை அளக்கும் ஆய்வக வெப்பமானியால் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் அளந்து பாருங்கள்.

3. நான்கு பேர் ஓர் அறையில் உறங்குகிறார்கள். அவர்கள் வெளிவிடும் வெப்பம், ஒரு டன் ஏ.சி.யின் திறனில் எத்தனை விழுக்காடு?