காப்பு

பாடம் 7 – உரைநடை

நுழையும் முன்

தமிழில் வழங்கும் சிற்றிலக்கிய வகைகளுள் பிள்ளைத்தமிழ் ஒன்று. அது குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும். அவற்றுள் முதலாவது காப்புப் பருவம். குழந்தையைக் காக்குமாறு இறைவனை வேண்டுவது அப்பருவத்தின் பொருள். நூலில் காப்பு ஒரு பருவத்தோடு நிறைவுபெறும். இல்லத்திலோ அது நாள்தோறும் தொடரும். கழக்கூட்டத்தில் வாழும் தந்தை ஒருவர், தம் மூன்று வயது மகளோடு கழித்த ஒரு நாளைக் கூறுவதாக இப்பாடம் அமைந்துள்ளது. படித்துப் பயன் பெறுவோம்.

பாடம்

அன்று அங்கன்வாடிக்கு விடுமுறை. என் மனைவிக்கு டெக்னோபார்க்கில் அலுவலகம் உண்டு. நான் வீட்டிலிருந்தே பணி செய்பவன். ஆகவே, மகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. "ஒரு நாள்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எளிதாகச் சொல்லிவிட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி கூறினாள்: "அவள் தண்ணீர் கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தானே எடுக்கப் போவாள். இப்போது மேசை அவளுக்கு எட்டுகிறது." நான் தலையசைத்தேன். அச்சொற்களை என் செவி கேட்டது, மனம் கேட்கவில்லை.

காலைப் பொழுது இனிதாகவே கழிந்தது. ஒரு தோசையை உண்ண அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதல் வாய் அவளுக்கு, அடுத்தது பொம்மைக்கு, அதற்கு அடுத்தது சுவரோரம் செல்லும் எறும்புக்கு என்று அவள் பங்கிட்டாள். உண்டு முடித்ததும் சன்னலருகே நின்று, நெடுஞ்சாலை மேம்பாலத்தில் செல்லும் பேருந்துகளை எண்ணினோம். நான்குக்குப் பிறகு அவள் எண்ணிக்கை நேராக ஒன்பதுக்குத் தாவும். திருத்தினால், "இல்லை அப்பா, ஒன்பதுதான்" என்பாள்.

அவள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். நாங்கள் நாகர்கோவிலைச் சேர்ந்தவர்கள். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணையும்வரை, எங்கள் ஊரும் இவ்வூரும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. அதனால் இரு மொழிகளும் எங்களுக்குப் புதியன அல்ல. எனினும், மகள் முதன்முதலில் "வெள்ளம்" என்றபோது நான் சற்றே திகைத்தேன். தமிழில் வெள்ளம் என்பது பெருகி வரும் நீர். மலையாளத்தில் அது குடிக்கும் தண்ணீர். அங்கன்வாடியில் அவள் கற்ற முதற்சொற்களுள் அதுவும் ஒன்று.

பதினொரு மணியளவில் தேநீர் தயாரித்து, எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, மேசையின் ஓரத்தில் வைத்தேன். அப்போது கைப்பேசி ஒலித்தது. அலுவலக அழைப்பு. பேசிக்கொண்டே சன்னலருகே சென்றேன்.

"அப்பா, வெள்ளம்" என்றாள் மகள்.

"இதோ வருகிறேன்" என்றேன்.

மீண்டும் கேட்டாள், மீண்டும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோது, விரலை உயர்த்திப் பொறுத்திருக்குமாறு சைகை காட்டினேன். நான்காம் முறை அவள் கேட்கவில்லை. தம்ளர் தரையில் விழும் ஓசையும் அவளது அலறலும் ஒன்றாக எழுந்தன.

தேநீர் அவளுடைய இடக்கையின் புறத்திலும் மணிக்கட்டிலும் கொட்டியிருந்தது. "ஏன் தொட்டாய்?" என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்தது. அந்நொடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் கையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுட்ட தேநீரைவிட, நான் சொல்லப்போகும் சொல்லுக்கே அவள் அதிகம் அஞ்சினாள் என்று தோன்றியது. அச்சொல்லை விழுங்கிவிட்டு, "ஒன்றுமில்லை கண்ணே, அப்பா இருக்கிறேன்" என்று கூறி, அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு விரைந்தேன்.

அவள் மணிக்கட்டில், பாட்டி அணிவித்த வெள்ளிக் காப்பு ஒன்று இருந்தது. சுட்ட இடம் வீங்கத் தொடங்கினால் அதைக் கழற்ற இயலாது. மேலும் அது சதையை இறுக்கும். ஆகவே, குழாயைத் திறந்ததும் முதலில் காப்பைக் கழற்றினேன். பின்னர் அவள் கையை ஓடும் நீரில் பிடித்தேன். பனிக்கட்டி எடுக்கலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். வெந்த தோலைப் பனிக்கட்டி மேலும் புண்படுத்தும் என்று முதலுதவிப் பயிற்சியில் கேட்டது நினைவுக்கு வந்தது. சாதாரணக் குழாய்நீரே போதும். ஆனால், 20 நிமிடம் வேண்டும். தோலின் உள்ளே தங்கிய வெப்பம் வெளியேற அவ்வளவு நேரம் ஆகும்.

மூன்று வயதுக் குழந்தையை 20 நிமிடம் ஓரிடத்தில் நிறுத்துவது எளிதன்று. இரண்டு நிமிடத்திலேயே கையை இழுத்துக்கொள்ள முயன்றாள். என்ன செய்வது என்று அறியாமல், அருகிலுள்ள தும்பாவின் கதையைத் தொடங்கினேன்.

"முன்பு தும்பாவில் மீன்பிடிப்பவர்கள் வாழ்ந்தார்கள். கடற்கரையில் ஒரு தேவாலயம் இருந்தது. ஒருநாள் விக்ரம் சாராபாய் என்ற அறிவியலாளர் வந்து, இங்கிருந்து வானத்துக்கு ராக்கெட் விட வேண்டும், இடம் தருவீர்களா என்று கேட்டார். ஊரார் இடம் கொடுத்தார்கள். தேவாலயம் ராக்கெட் செய்யும் இடமாயிற்று. ராக்கெட்டின் பாகத்தை எதில் கொண்டுபோனார்கள், தெரியுமா?"

"பேருந்தில்" என்றாள், விம்மிக்கொண்டே.

"இல்லை. சைக்கிளில்!"

அழுகைக்கு நடுவே அவள் சிரித்தாள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதைச் சொல்லி, "பத்து, ஒன்பது, எட்டு" என்று எண்ணத் தொடங்கினேன். பூச்சியம் வந்ததும் அவள் வலக்கையை உயர்த்தி "விர்ர்" என்றாள். இடக்கை நீரிலேயே இருந்தது. அன்று எங்கள் குழாயடியிலிருந்து எத்தனை ராக்கெட்டுகள் கிளம்பினவோ, நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் ஐந்தையும் ஆறையும் விட்டுவிட்டாள், நானும் திருத்தவில்லை.

அதன் பிறகு, தூய்மையான மெல்லிய துணியால் கையைத் தளர்வாக மூடி, நாகர்கோவிலில் இருக்கும் என் தாயை அழைத்தேன். செய்தியைக் கேட்டதும், "இட்லி மாவைத் தடவப்பா, குளிர்ச்சியாக இருக்கும்" என்றார்.

"வேண்டாம் அம்மா. மாவு, பற்பசை, மை எதையும் தடவக்கூடாதாம். காயத்தில் கிருமி சேரும். மருத்துவர் பார்க்கும்போது புண்ணின் அளவும் தெரியாது. நீரில் வைத்தேன். இப்போது மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உன் முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். நீ தவழ்ந்து வந்துவிட்டாய். அன்று நானும் மாவைத்தான் தடவினேன். இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை" என்றார். அத்தழும்பு பிறவியிலேயே வந்தது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

மருத்துவர் கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் சிவந்திருந்தது, கொப்புளம் எழவில்லை. "முதலில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லது. குழந்தையின் தோல் மெல்லியது. பெரியவர்களுக்குச் சுடும் அளவு சூடே அவர்களை ஆழமாகப் புண்படுத்தும். கொப்புளம் எழுந்தால் உடைக்காதீர்கள்" என்று கூறி, மருந்திட்டுக் கட்டுப் போட்டார்.

மாலை ஆறு மணிக்கு மனைவி வந்தாள். கதவு திறந்ததும் மகள் ஓடிச்சென்று, கட்டுப் போட்ட கையை நீட்டி, "அம்மா, நான்தான் தேநீரைக் கொட்டிவிட்டேன்" என்றாள்.

அது பொய்யன்று. நான் வாயைத் திறவாதிருந்தால், அன்றைய நிகழ்ச்சி அவ்வாறே முடிந்திருக்கும். குழந்தையின் குறும்பு என்று வீட்டில் பேசப்பட்டிருக்கும். என் தாய் இத்தனை ஆண்டுகள் சுமந்தது நினைவுக்கு வந்தது.

"இல்லை. அவள் மூன்று முறை தண்ணீர் கேட்டாள். நான் பேசிக்கொண்டிருந்தேன். சூடான தேநீரை மேசை ஓரத்தில் வைத்ததும் நான்தான்" என்றேன்.

"காலையில் சொல்லிவிட்டுத்தானே போனேன்" என்றாள் மனைவி. வேறொன்றும் கூறவில்லை. மகளை மடியில் இருத்திக்கொண்டு நெடுநேரம் அவள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளோ என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்களா கொட்டினீர்கள்?" என்று வியப்போடு கேட்டாள். "இருவரும் சேர்ந்து" என்றேன். அதில் அவளுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இரவு அவள் உறங்கிய பின் நாங்கள் இருவரும் வீட்டைச் சுற்றி வந்தோம். குழந்தை இழுத்துவிடக்கூடிய மேசைவிரிப்பை எடுத்துவிட்டோம். சூடான பொருள்களுக்கு, அடுக்களையின் உட்புறத்தில் இடம் ஒதுக்கினோம். கூடத்தின் மூலையில் ஒரு தாழ்ந்த முக்காலியை இட்டு, மூடியுள்ள சிறு குவளையில் தண்ணீர் நிரப்பி வைத்தோம்.

மறுநாள் காலையில் அவள் முதலில் கண்டது அதைத்தான். தானே எடுத்துக் குடித்தாள். பாதி வாய்க்குள் சென்றது. மீதி தரையில் ஓடியது. "அப்பா, வெள்ளம்!" என்று கூவினாள். இம்முறை அச்சொல் இரு மொழிகளிலும் பொருந்தியது. நான் துணியை எடுத்துக்கொண்டு சென்றேன். வெள்ளிக் காப்பு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. கை முழுதும் ஆறிய பிறகு அணிவிக்க வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

காப்பு – பாதுகாப்பு; கையில் அணியும் வளை
திகைத்தல் – செய்வதறியாது மயங்குதல்
புறங்கை – கையின் பின்பக்கம்
தழும்பு – காயம் ஆறியபின் எஞ்சும் அடையாளம்
முக்காலி – மூன்று கால்களையுடைய இருக்கை

அறிந்து கொள்வோம்

சூடான நீர்மம் பட்டால்: 1. சுட்ட இடத்தை ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் வைக்கவும். 2. வளை, மோதிரம் முதலியவற்றை வீங்கும் முன் கழற்றவும். 3. பனிக்கட்டி, மாவு, பற்பசை, வெண்ணெய் எதையும் இடலாகாது. 4. தூய துணியால் தளர்வாக மூடவும். 5. குழந்தைக்கு முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் சுட்டாலோ, கொப்புளம் எழுந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டவும்.

தும்பாவின் தூய மேரி மகதலேனா தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பிள்ளைத்தமிழின் முதற்பருவம் ________.
2. தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்ட ஆண்டு ________.
3. சுட்ட கையை ஓடும் நீரில் ________ நிமிடம் வைக்க வேண்டும்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. தாய் புறப்படும்போது கூறிய எச்சரிக்கை யாது?
2. தந்தை காப்பை முதலில் கழற்றியது ஏன்?
3. இட்லி மாவைத் தடவ வேண்டாம் என்பதற்குக் கூறப்பட்ட காரணங்கள் யாவை?

இ. பிரித்து எழுதுக.
1. தண்ணீர் 2. வெந்நீர் 3. முதலுதவி

ஈ. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொற்களின் பொருள் வேறுபாட்டை எழுதுக.
எடுத்துக்காட்டு: வெள்ளம் – பெருகி வரும் நீர் (தமிழ்), தண்ணீர் (மலையாளம்)
1. பனி – ________ (தமிழ்), காய்ச்சல் (மலையாளம்)
2. நீங்கள் அறிந்த வேறொரு சொல் – ________

உ. 'காப்பு' என்னும் சொல்லை அதன் இரு பொருள்களிலும் அமைத்து இரண்டு தொடர்கள் எழுதுக.

ஊ. சிந்தித்து விடையளிக்க.
"நான்தான் தேநீரைக் கொட்டிவிட்டேன்" என்று குழந்தை கூறியபோது தந்தை மௌனமாக இருந்திருந்தால், அக்குழந்தை எதைக் கற்றிருக்கும்? அவர் உண்மையைக் கூறியதால் எதைக் கற்றது? பத்து வரிகளில் எழுதுக.

எ. செயல்திட்டம்
உங்கள் வீட்டில், மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள ஆபத்தான பொருள்களைப் பட்டியலிடுக. அவற்றை எங்கு மாற்றி வைக்கலாம் என்று பெற்றோருடன் கலந்து பேசி, வகுப்பில் எடுத்துரைக்க.