டாட்டூ எடுக்க லேசருக்குப் போகும் முன்

சகோதரிகளே, டாட்டூவை அழிக்கக் குழுக் கடன் கேட்பவர்களும் நம்மில் உண்டு. "ஒரே நாளில் நாலு தடவை அடிச்சா போயிடும்" என்றால் உடனே பணம் கட்டிடாதீங்க.

லேசர் மையை உடைக்கும். அந்தத் தூளை உடம்புதான் மெல்ல வெளியேற்றும். அதனால்தான் வழக்கமாக 6 முதல் 8 வாரம் இடைவெளி விடுகிறார்கள். லேசர் பட்ட இடம் வெள்ளையாகப் பூக்கும். அது வாயுக் குமிழி. அடங்கச் சுமார் 20 நிமிஷம் ஆகும். அதுக்குள் மறுபடி அடித்தால் ஒளி சரியாக இறங்காது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் கிரீஸில் 18 டாட்டூக்களை இப்படி 20 நிமிஷம் விட்டு 4 முறை அடித்தார்கள். ஒரே முறை அடித்த பாதியைவிட நன்றாக மங்கியது.

ஆனா நம்ம மாநிறத் தோலில் சூடு ஏறினால் கொப்புளம், வெள்ளைத் திட்டு வரலாம். பார்லர் வேண்டாம், தோல் டாக்டரிடமே போவோம். முதலில் ஓரமாகச் சின்ன இடத்தில் அடித்துப் பார்க்கச் சொல்வோம். மொத்தச் செலவையும் எழுதி வாங்குவோம்.